ரெக்கை முளைக்காத குஞ்சைத் தேற்றுவது எப்படி

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் ரெக்கை முளைக்காத கோழிக்குஞ்சுகள் அதிகம் சாகின்றன. நோய் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் குளிரும் கொத்தலும்தான் காரணம்.

முதலில் குஞ்சைக் கையில் எடுத்துத் தோலைப் பாருங்கள். கழுத்து மட்டும் மொட்டையாக, உடம்பெல்லாம் ரெக்கை இருந்தால் அது கிராப்புக் கோழி. பிறவியே அப்படி, வைத்தியம் வேண்டாம். குருத்துகள், அதாவது புதிதாக முளைக்கும் ரெக்கைகள், பாதியில் ஒடிந்து, நுனியில் ரத்தம் காய்ந்திருந்தால் மற்றவை கொத்தியிருக்கின்றன. ஆசனவாயைச் சுற்றிய பூமயிரை ஊதிப் பாருங்கள்: வைக்கோல் நிறத்தில் ஏதாவது ஓடினால் பேன். தோல் சுத்தமாக இருந்தும் ஆறு வாரத்தில் குருத்தே வரவில்லையா, தீனியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கொத்து வாங்கிய குஞ்சை அன்றே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது. வேப்பெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துப் புண்மேல் மட்டும் லேசாகத் தடவுங்கள். உடம்பெல்லாம் பூசினால் பூமயிர் ஒட்டிக்கொண்டு குளிர் ஏறும். ரத்தம் ஓடும் குருத்தைப் பிடுங்கவே கூடாது. ஒடிந்து கசிந்தால் மஞ்சள்தூள் வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

அட்டைப்பெட்டியில் இரண்டு அங்குலம் காய்ந்த உமி போட்டு, ஒரு ஓரத்தில் ஒரு அடி உயரத்தில் 60 வாட் குண்டு பல்பு தொங்கவிடுங்கள். எல்.இ.டி. சூடு தராது. பல்பு அட்டையில் படக்கூடாது. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைக்கலாம் என்பது ரெக்கை வளரும் குஞ்சுக்கான கணக்கு. ரெக்கை முளைக்காத குஞ்சுக்கு வயதைப் பார்க்காதீர்கள், ரெக்கை மூடுவதைப் பார்த்துக் குறையுங்கள். பல்படியில் ஒடுங்கிக் கத்தினால் குளிர். தள்ளிப்போய் வாயைப் பிளந்தால் சூடு அதிகம். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள்.

ரெக்கை முழுக்கப் புரதம். நாம் போடும் நொய்யிலோ நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான் புரதம். குஞ்சுக்கு 20 பங்கு வேண்டும். கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனம் கொடுங்கள், கூடவே கொஞ்சம் அவித்த முட்டை. கரையானும் அருமையான தீனி: பழைய பானையில் நனைத்த கோணி, காய்ந்த சாணம், வைக்கோல் அடைத்து மாலையில் புற்றருகே கவிழ்த்தால் காலையில் ஏறியிருக்கும். ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை போதும். உப்புக் கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு மிஞ்சினால் கழிந்தே செத்துவிடும்.

பேன் இருந்தால் தாய்க்கோழிக்கும் சேர்த்துப் பாருங்கள். சலித்த அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து, புரள ஒரு குழி வையுங்கள். அதிலும் அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் மருந்து வாங்கி, பத்தாம் நாள் திரும்பவும் போடுங்கள். முதல் தடவை மருந்து ஈரைத் தொடாது.

காலை வெயில் அரைமணி நேரம் நல்லது. உச்சி வெயிலில் வெறுந்தோல் வெந்துவிடும்.

முதுகும் நெஞ்சும் மூடியபின் முற்றத்தில் பஞ்சாரக் கூடைக்குள் நாலு நாள் வையுங்கள், மற்றவை பார்த்துப் பழகட்டும். பிறகு ஒரு சாதுவான குஞ்சோடு சேர்த்து, அடையப் போகும் நேரத்தில் திறந்துவிடுங்கள். மறுநாள் விடியலில் கூட்டைத் திறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கொத்து விழுவது அப்போதுதான்.