டூ-ஃபேஸ் கமிட்டை டிஎல்ஏ பிளஸ்ஸில் மாதிரியாக்குவது எப்படி

ஒரு டிரான்சாக்‌ஷன் பல சர்வர்களில் நடந்தால், எல்லாவற்றிலும் முடிய வேண்டும். இல்லையேல் எதிலும் நடக்கக் கூடாது. இதற்கான முறைதான் டூ-ஃபேஸ் கமிட்: ஒருங்கிணைப்பாளர் என்ற நிரல் முதலில் எல்லா சர்வர்களிடமும் ‘தயாரா?’ என்று கேட்கும்; எல்லாமே ‘தயார்’ என்றால் மட்டும் கமிட் (முடி) சொல்லும், இல்லையேல் அபார்ட் (கைவிடு). இதைச் சோதிக்க, கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் என்ற மாதிரி எழுதும் மொழி அருமையான கருவி.

ஒவ்வொரு சர்வருக்கும் நான்கு நிலைகள்: வேலையில், தயார், கமிட், அபார்ட். அடுத்தது நெட்வொர்க். பலரும் தடுமாறுவது இங்கேதான். செய்திகளைக் கியூவாக (வரிசையாக) எழுதாதீர்கள். அவற்றை ஒரு கணமாக (செட்) வையுங்கள்; அனுப்பும்போது சேருங்கள், படித்த பிறகும் நீக்காதீர்கள். தாமதம், வரிசை மாறுவது, ஒரே செய்தி இருமுறை வருவது எல்லாம் தானாகவே மாதிரிக்குள் வந்துவிடும். செய்தி தொலைவதற்கும் தனிச் செயல் வேண்டாம். யாரும் படிக்காமல் விட்டாலே தொலைந்ததற்குச் சமம்.

ஒவ்வொரு செயலிலும் மாறாத மாறிகளையும் ‘மாறவில்லை’ என்று எழுதுங்கள். ஒன்றை மறந்தாலும், மாதிரியை ஓட்டிச் சோதிக்கும் நிரலான டிஎல்சி, அடுத்த நிலை முழுமையாக இல்லை என்று நின்றுவிடும்.

எந்த நிலையிலும் மீறக் கூடாத மாறா விதி ஒன்றே: ஒரு சர்வர் கமிட், இன்னொன்று அபார்ட் என்று இருக்கவே கூடாது. மூன்று சர்வர்களோடு ஓட்டுங்கள். பிழை வராவிட்டால் உடனே நம்பிவிடாதீர்கள். இரண்டு ‘தயார்’ வந்ததுமே ஒருங்கிணைப்பாளர் கமிட் சொல்லும்படி வேண்டுமென்றே கெடுத்து, மறுபடி ஓட்டுங்கள். மூன்றாவது சர்வர் தானாக அபார்ட் ஆகும் பாதையை டிஎல்சி படிப்படியாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விதியிலோ, அபார்ட் செயலிலோதான் கோளாறு.

ஒருங்கிணைப்பாளர் செயலிழந்தால் ‘தயார்’ சர்வர்கள் முடிவே தெரியாமல் காத்துக் கிடக்கும். மாறா விதி இதைப் பிடிக்காது. ‘என்றாவது முடிவு வரும்’ என்ற விதியைத் தனியே எழுதுங்கள்.