செயற்கைக்கோள் படத்தில் பல்லுயிர்த் தொகுதியை (காடு, புல்வெளி, பாலை போன்ற பெரும் இயற்கைப் பகுதியை) கண்டறிய

ஒரே படத்தை வைத்து இது காடு, இது சவானா (ஆங்காங்கே மரங்கள் நிற்கும் வெப்பமண்டலப் புல்வெளி) என்று முடிவுகட்டாதீர்கள். மழைக்காலத்தில் சவானாவும் பச்சைப்பசேல் என்றுதான் தெரியும். ஒரே இடத்தின் ஜனவரி, ஜூலைப் படங்களை அருகருகே வையுங்கள். இரண்டிலும் பச்சை மாறாவிட்டால் பசுமைமாறாக் காடு. ஒன்றில் வெளிறி, கருகிய தீத்தடங்களும் தெரிந்தால் பெரும்பாலும் சவானா.

இலவசமாகக் கிடைக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2-இன் படங்களே போதும். அதன் 8 (கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு), 4, 3 ஆகிய பட்டைகளை (அலைநீளப் பிரிவுகளை) முறையே சிவப்பு, பச்சை, நீலமாக அமையுங்கள். அண்மை அகச்சிவப்பை இலைகள் பலமாகப் பிரதிபலிப்பதால் செழித்த தாவரம் அடர் சிவப்பாகத் தெரியும். ஊசியிலைக் காடு மங்கிய கருஞ்சிவப்பு, பாலைவனம் வெளிர் நிறம். பாலையில் கச்சிதமான சிவப்பு வட்டங்கள் தெரிகிறதா? சுழல் தெளிப்புப் பாசன வயல்கள் அவை, சோலை அல்ல.

அதிகம் ஏமாற்றுவது எண்ணெய்ப்பனைத் தோட்டம். நிறத்தில் மழைக்காடு போலவே இருக்கும். முழுவதும் பெரிதாக்கிப் பாருங்கள்: நேர்கோட்டுப் பாதைகள், கட்டம் கட்டமான பிரிவுகள் இருந்தால் தோட்டம். இயற்கைக் காட்டின் மேற்பரப்பு சொரசொரப்பாக, ஒழுங்கில்லாமல் இருக்கும்.

தூந்திரத்தில் (வடதுருவத்தை ஒட்டிய உறைநிலப் பகுதியில்) மரமிருக்காது, சிறு ஏரிகள் எக்கச்சக்கமாகச் சிதறிக் கிடக்கும். அங்கே பனியும் மேகமும் ஒரே வெண்மையாகக் குழப்பினால் 11-ஆம் பட்டையை (குற்றலை அகச்சிவப்பு) தனியாகத் திறங்கள். பனி கறுக்கும், நீர்த்துளி மேகம் வெளுத்தே நிற்கும்.

கடைசியில் அட்சரேகையையும் பார்த்துவிடுங்கள். 65 பாகை வடக்கில் சவானா என்று விடை வந்தால், படம் எடுத்த தேதியைச் சரிபாருங்கள்.