போட்ட பணம் மகனுக்கு, மனைவிக்கு என்ன? ஆயுள் பென்ஷன் வாங்குவதில் நடக்கும் தவறுகள்

குலசேகரம் பக்கத்து ரப்பர்க்காரர் ஒருவர் ஆன்யூட்டி, அதாவது மொத்தமாகப் பணம் கட்டி ஆயுள் முழுதும் பென்ஷன் வாங்கும் திட்டத்தின் விண்ணப்பத்தோடு வந்து உட்கார்ந்தார். வயது 66. பால் வற்றிய மரங்களை வெட்டி விற்ற காசும், கல்ஃபில் இருக்கும் மகன் அனுப்பியதில் மிச்சமுமாக 20 லட்சம் சேர்ந்திருக்கிறது. “மாசா மாசம் கைக்கு வரணும், நான் கணக்கு பாக்கண்டாம்” என்றார். ஏஜென்ட் பென்சிலால் ஒரு வரியைச் சுழித்துக் கொடுத்திருந்தார்: தனி ஆயுள், போட்ட முதல் திரும்பக் கிடைக்கும். நாமினி, மகன். மனைவிக்கு 59 வயது. அவர் பெயர் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். தனி ஆயுள் என்றால் அவர் கண்ணை மூடியதோடு பென்ஷன் நின்றுவிடும். 20 லட்சம் மகனுக்குப் போகும். மகன் தங்கமானவனாகவே இருக்கட்டும், ஆனாலும் அந்த அம்மா பிரஷர் மாத்திரை வாங்கக்கூட துபாய்க்கு போன் போட வேண்டும். கூட்டு ஆயுள் என்று ஒரு வகை இருக்கிறது. ஒருவர் போனாலும் மற்றவருக்குப் பென்ஷன் தொடரும். எல்.ஐ.சி.யின் ஜீவன் அக்ஷய் போன்ற திட்டங்களில் பாதி தொடர்வது, முழுதும் தொடர்வது என இரண்டும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை: முதல் திரும்பும் வகையில் தனி ஆயுளுக்கும் கூட்டு ஆயுளுக்கும் மாதத்தொகையில் வித்தியாசம் மிகவும் கொஞ்சம்தான். அங்கே கம்பெனி தருவது ஏறக்குறைய வட்டியை மட்டும். முதலை என்றைக்காவது திருப்பித்தானே தரப்போகிறது. அந்தக் கொஞ்சத்துக்காக மனைவியை வெளியே நிறுத்திவிடுகிறோம்.

சரி, முதலே திரும்பாத வகை எதற்கு? அதைக் கேட்டதும் நம் ஊரில் எல்லாரும் சொல்வது, “செத்தா பணம் போச்சே!” இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். லொரென்ஸோ டி டோன்டி என்ற இத்தாலியர் 1653-ல் பிரான்ஸ் அரசுக்கு ஒரு யோசனை சொன்னார். பலர் பணம் போட வேண்டும், வட்டியை உயிரோடு இருப்பவர்கள் மட்டும் பிரித்துக்கொள்ள வேண்டும். அவர் பெயராலேயே அதற்கு டான்டைன் என்று பெயர். பிரான்ஸ் அரசு 1689-ல் அதை நடத்தியது. 300 லிவர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாணயம்) போட்ட ஒரு விதவை 1726-ல் 96 வயதில் இறக்கும்போது, ஆண்டுக்கு 73,500 லிவர் வாங்கிக்கொண்டிருந்தாராம்.

நம் கணக்கில் பார்ப்போம். 70 வயதுக்காரர்கள் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போடுகிறார்கள். 7 சதவீதம் வட்டி என்று வைத்தால் வருஷம் 70,000, ஆளுக்கு 7,000. ஏழு பேர் மிஞ்சும்போது 10,000. இரண்டு பேர் என்றால் 35,000. சீட்டில் எல்லாருக்கும் ஒரு முறை வரும், இதில் இருப்பவனுக்குத்தான் முறை. முதல் திரும்பாத ஆன்யூட்டியின் உள்ளேயும் ஓடுவது இதே வேலைதான். முன்னால் போனவரின் பணம் பின்னால் இருப்பவருக்குச் சோறு போடுகிறது. ஆனால் தொகை ஏறி இறங்காமல் முதல் மாதத்திலிருந்தே ஒரே அளவாகக் கிடைக்கும். எத்தனை பேர் எத்தனை காலம் இருப்பார்கள் என்ற பயத்தைக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது. 'முதல் வேண்டும்' என்று கேட்கும்போது இந்த லாபத்தைத்தான் விட்டுக்கொடுக்கிறோம். அப்புறம் பேங்க் டெபாசிட்டை விடக் குறைவாக வருகிறதே என்று வருத்தப்படுகிறோம்.

ரப்பர்க்காரரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: ரப்பர் தோட்டமும் வீடும் யாருக்கு? மகனுக்கு. அப்படியானால் இந்தப் பணமாவது உங்கள் இரண்டு பேருக்கும் இருக்கட்டுமே என்றேன்.

அதற்காக எல்லாவற்றையும் அதில் கொட்டக்கூடாது. ஆன்யூட்டிக்குள் போன பணத்தை அவசரத்துக்கு எடுப்பது கஷ்டம், முதல் திரும்பாத வகையில் நினைக்கவே வேண்டாம். 60 தாண்டியவர்களுக்கு தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, 30 லட்சம் வரை போடலாம். அதில் ஒரு பங்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு பேங்கில் ஒரு பங்கு, மீதியில்தான் ஆன்யூட்டி. அதையும் அவசரப்பட்டு 55-ல் வாங்கினால் மாதத்தொகை குறைவு. வயது ஏற ஏறக் கூடும். இரண்டு மூன்று தவணையாக, சில வருஷ இடைவெளியில் வாங்கலாம். உடம்பு ஏற்கெனவே மோசமாக இருக்கிறவர் முதல் திரும்பாத தனி ஆயுளை எடுப்பது வீண்.

விலைவாசியை யாரும் நினைப்பதில்லை. வருஷம் 6 சதவீதம் ஏறினால், இன்றைய 10,000 ரூபாய் பன்னிரண்டு வருஷத்தில் 5,000-க்குத்தான் பெறும். பென்ஷனோ அதே 10,000. வருஷா வருஷம் கூடும் வகையும் உண்டு, ஆனால் தொடக்கத் தொகை குறையும். வருமான வரியும் உண்டு. வரும் பென்ஷன் முழுதும் வருமானக் கணக்கில் சேரும்.

‘நம்ம ஆளுக அம்பது பேர், இருக்கிறவங்க பிரிச்சுக்கலாம்’ என்று யாராவது ஊருக்குள் ஆரம்பித்தால் பக்கமே போகாதீர்கள். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களை 2019-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. தவிர, அடுத்தவன் சாவில் நமக்கு லாபம் என்ற கணக்கு ஒரே தெருவுக்குள் நல்லதல்ல.

ஆன்யூட்டியில் ஒருமுறை எடுத்த வகையை அப்புறம் மாற்ற முடியாது. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். கேட்கும்போது உயிர்வாழ் சான்று கொடுக்கவும் மறக்கக்கூடாது.

கடைசியில் அவர் கூட்டு ஆயுள், முழுதும் தொடரும் வகை, 8 லட்சத்துக்கு என்று எழுதினார். மனைவியின் ஆதாரை வாங்கிப் பார்த்தால் அதில் ஞானஸ்நானப் பெயர், பேங்க் புத்தகத்தில் பள்ளிக்கூடப் பெயர். பிறந்த வருஷமும் இரண்டு விதம். விண்ணப்பத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு, முதலில் ஆதார் சென்டருக்குப் போகச் சொன்னேன்.