ஆள் ஷார்ஜாவில், கடன் தண்டையார்பேட்டையில்

வீட்டில் ஒருத்தர் கல்ஃபுக்குப் போய்விட்டால் கடன் தானாக அடைந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. போனவர் முதல் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பதற்குள் இங்கே தினத் தவணை வசூலிக்கும் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பார். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். நான் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் மாமியாரோடும் பையனோடும் இருக்கிறேன், வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறேன். மாமனாரின் வைத்தியச் செலவு, ஓடாமல் போன ஒரு கடை என்று கடன் ஏறித்தான் அவர் கிளம்பினார். அடைத்தது அவர் சம்பளம். ஆனால் அதே சம்பளம் வாங்கியும் வட்டி மட்டுமே கட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. வித்தியாசம், அங்கே இருப்பவரும் இங்கே இருப்பவரும் ஒரே கணக்கைப் பார்க்கிறார்களா என்பதில்தான் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன்னால்

முதலில் ஏஜென்ட் காசு. பதிவு பெற்ற ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதுவும் ரசீதோடு. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டே பார்க்கலாம். எமிரேட்ஸ் சட்டப்படி ஆளை எடுக்கும் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பேச்சு மாறும், அல்லது ஆளே மாறுவார். இரண்டும் நல்லதுதான்.

பத்தாவது முடிக்காதவர்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட்டாக இருக்கும், அதாவது வேலைக்குக் கிளம்ப அரசின் அனுமதி வேண்டிய பாஸ்போர்ட். அவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இன்ஷூரன்ஸ் கட்டாயம்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். கடனை வைத்துவிட்டுப் போகிறவர் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பாலிசி பேப்பரின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

அப்புறம், யாரும் சொல்லித்தராத ஒரு வேலை. எந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நகை அவர் பெயரில் அடகில் இருந்தால் அவர் ஷார்ஜாவில் உட்கார்ந்திருக்கும்போது மீட்பது பெரிய பாடு. கிளம்புவதற்கு முன்பே அதைத் திருப்பி, இங்கே இருப்பவர் பெயரில் மறுபடி வையுங்கள். நகையின் எடை, கல் இருந்தால் அதன் விவரம், சீட்டின் இரு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து விஷயம் ஏதாவது பாக்கி இருந்தால், அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போடும் பவர் பத்திரத்தையும் இங்கேயே பதிவு செய்துவிடுவது நல்லது. அங்கே போன பிறகு என்றால் தூதரகம், முத்திரை, தபால் என்று இழுக்கும்.

அவருடைய இந்திய போன் நம்பர் சாகக் கூடாது. வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பர் கை மாறிவிடும், அப்புறம் தவணைத் தேதியில் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவிப்பீர்கள். வேலைக்காக வெளிநாடு போனவர் சாதாரண சேவிங்ஸ் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் இருப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து வரும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு. அதில் வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. வீட்டுச் செலவுப் பணத்தை அவர் நேராக என் கணக்குக்கே அனுப்புகிறார். கணவன் மனைவிக்கு அனுப்பும் பணத்துக்கு, வாங்கும் மனைவி வரி கட்ட வேண்டியதில்லை. வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் கைமாற்றும் உண்டியலில் அனுப்பினால் ரேட் கூடக் கிடைக்கும் என்று ரூமில் யாராவது சொல்வார்கள். அது சட்டவிரோதம். பணம் வராவிட்டால் போய்க் கேட்க ஒரு இடமும் கிடையாது.

நோட்டு

எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் கொடுத்த ஒரு டைரிதான் எங்கள் கணக்கு நோட்டு. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். யாரிடம் வாங்கியது, கையில் வந்தது எவ்வளவு, திருப்ப வேண்டியது எவ்வளவு, வட்டி எவ்வளவு, அவரிடம் நம்முடையது என்ன மாட்டியிருக்கிறது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். நகையா, கையெழுத்துப் போட்ட செக்கா, புரோநோட்டா, ரேஷன் கார்டா என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

வட்டியை எல்லாம் வருடக் கணக்குக்கு மாற்றி எழுதினால்தான் உண்மை தெரியும். ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம், மூணு வட்டி என்றால் 36. கேட்கும்போது ரெண்டும் மூணும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான். தண்டல்தான் இருப்பதிலேயே மோசம். 10,000 என்று எழுதிக்கொண்டு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். “வெறும் ஆயிரத்து ஐநூறுதானேம்மா வட்டி” என்பார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டு வருகிறோம், முழுப் பணம் நம் கையில் 100 நாளும் இருப்பதில்லை. அதைக் கணக்கில் எடுத்தால் வருடத்துக்கு 120 சதவீதம் வருகிறது. மாமியாரிடம் இதைச் சொன்னபோது, “அப்ப அவன் வீட்டு மாடி எப்படி ஏறிச்சுன்னு இப்பதான் புரியுது” என்றார்.

அடைக்கும் வரிசையை இந்த வருட வட்டி சொல்லிவிடும். தண்டல், அடுத்தது மூணு வட்டி, பிறகு அடகுக் கடை, கடைசியில் வங்கிக் கடன். குழு லோன் வாரத் தவணை என்பதால் அதை இந்த வரிசையில் சேர்க்காமல் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் தலையில் விழும். வட்டியில்லாத கைமாத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மச்சினர் கொடுத்த 40,000-க்கு மாதம் 1,000 கொடுத்துக்கொண்டே வந்தேன். வட்டிக் கணக்கில் அது நஷ்டம்தான். ஆனால் அவர் வீட்டு விசேஷத்துக்குத் தலை குனியாமல் போக முடிந்தது, நடுவில் பையனுக்கு டெங்கு வந்தபோது அவரே வண்டி எடுத்துக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்.

அடகுக் கடையில் ரெண்டு வட்டிக்கு இருக்கும் நகையை வங்கிக்கு மாற்றினாலே பாதிப் பாரம் குறையும். வங்கி நகைக் கடன் வருடத்துக்கு 9, 10 சதவீதம் என்ற அளவில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், இங்கே மீட்டால்தான் அங்கே வைக்க முடியும். ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும் யாரிடமாவது பணம் புரட்ட வேண்டும். வார நாளாகப் பாருங்கள், வங்கியில் நகை மதிப்பீட்டாளர் வரும் நேரத்தை முதல் நாளே கேட்டுவிடுங்கள். அடகுக் கடையில் பணம் கட்டியதும் சரட்டை அங்கேயே எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் படி இறங்கினேன். கடைக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். வங்கியில் வைத்த பிறகும் வருடா வருடம் புதுப்பிக்கும் தேதியை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள், ஏல நோட்டீஸ் அங்கிருந்தும் வரும்.

புரோநோட்டுக் கடனில் பணம் கொடுக்கும்போதெல்லாம் அந்தப் புரோநோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு வரவு எழுதச் சொல்லுங்கள். தொகை எழுதாத புரோநோட்டிலோ வெறும் செக்கிலோ கையெழுத்துப் போடாதீர்கள். மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாமே தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டப்படி குற்றம், மூன்று வருடம் வரை சிறை உண்டு. கடனை வசூலிக்க வீட்டில் வந்து மிரட்டுவதற்கு எதிராக 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. இதற்காகத் தெருவில் சண்டை போடச் சொல்லவில்லை. ஆண் துணை இல்லாத வீடு என்று குரலை உயர்த்துபவரிடம் இந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிப் பேசினாலே குரல் இறங்கும்.

பணம் வரும் நாள்

அவருக்குச் சம்பளம் 2,000 திர்ஹம், ரூம் கம்பெனி கொடுத்தது. மெஸ், போன், பஸ், சோப்பு, முடிவெட்டு என்று 700 அவருக்கே. இதில் கை வைக்காதீர்கள். கடனை நினைத்து வயிற்றைக் கட்டி, ரெண்டு வேளையும் குப்பூஸ் ரொட்டியும் தயிருமாகச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். மீதி 1,300 இங்கே சுமார் 30,000 ரூபாயாக வரும். 15,000 கடனுக்கு, 13,000 வீட்டுக்கு, 2,000 தொடக் கூடாத பணம். பால், டியூஷன், கரண்ட் பில் என் தையல் காசில். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதியை முந்தின மாதமே எடுத்து வைத்துவிடுவேன்.

ரேட் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1,300 திர்ஹத்துக்குப் பத்து பைசா ஏறினால் லாபம் 130 ரூபாய். வட்டிக்காரர் மாதக் கணக்குப் பார்ப்பவர். தேதி தாண்டினால் அடுத்த மாத வட்டி முழுசாக விழும், 30,000-க்கு மூணு வட்டி என்றால் 900 ரூபாய்.

பணம் பிரித்த அன்றைக்கு நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அன்று ஒருநாள்தான் பணப் பேச்சு. மற்ற நாள் போனில் கடனைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். வேலை முடிந்து வந்தவர் கட்டிலில் படுத்துக்கொண்டு போன் செய்யும்போது வட்டிக்காரர் வந்ததைச் சொன்னால் அவரால் அங்கிருந்து என்ன செய்ய முடியும்? பையன் கணக்கில் வாங்கிய மார்க், தெருவில் நடந்த சண்டை, காசிமேட்டில் சங்கரா மீன் என்ன விலை, இதெல்லாம் பேச இருக்கிறதே. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது நாங்கள் கருவாட்டுக்கும் முட்டைக்கும் போய்விடுவோம், அதற்கு அவர் அங்கிருந்து பொறாமைப்படுவார்.

அங்கே ஆறு மாதம் சம்பளம் ஒழுங்காக ஏறியதும் வங்கியிலிருந்து லோனும் கிரெடிட் கார்டும் தேடி வரலாம். சம்பளத்தைப் போல் இருபது மடங்கு வரை எமிரேட்ஸில் தனிநபர் கடன் கொடுக்கலாம் என்பது விதி. அதை வாங்கி இங்கே அடைத்துவிடலாம் என்று கணக்கு இனிக்கும். வேண்டாம். வேலை போய் அந்தக் கடன் நின்றால் ஊர் திரும்புவதே சிக்கலாகிவிடலாம். அதைவிட, வேலையை விடும்போது வரும் கிராஜுவிட்டியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்: முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம். பேசிக் என்பதைக் கவனியுங்கள். ஆஃபர் லெட்டரில் அலவன்ஸைக் கூட்டிப் பேசிக்கைக் குறைத்திருந்தால் இந்தத் தொகை இளைத்துவிடும்.

கேட்பவர்கள்

மாமியார் ரங்கூனிலிருந்து சின்னப் பெண்ணாகக் கப்பலில் வந்தவர். 1964-இல் அங்கே கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்த குடும்பம். “வெளிநாட்டுக் காசு இன்னும் வராத மாசத்துக்கு இப்பவே வாக்கு குடுக்காத” என்பார். கேட்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். “இன்னாமா, துபாய் காசு வருதே, அடுத்த மாசம் ஒரு இருபது குடேன்.” நான் நோட்டை எடுத்து வந்து வைத்துவிடுவேன். “பாருங்கக்கா, வந்ததும் இப்படிப் பிரிஞ்சிடுது. எதுல இருந்து எடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க.” யாரும் சொன்னதில்லை. மொய்க்கு மட்டும் ஒரு தொகை வைத்திருக்கிறேன், அவர் போவதற்கு முன்னால் எவ்வளவு செய்தோமோ அதே அளவு. துபாய் ஆள் என்று அதை ஏற்றினால் இறக்கவே முடியாது.

லீவுக்கு வருவது தனிச் செலவு. டிக்கெட், கோடாலித் தைலம், சென்ட், பால் பவுடர், சாக்லேட் என்று ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தால் ஒரு வருடம் அடைத்தது ஒரே மாதத்தில் திரும்பி வரும். சொந்தக்காரர் பட்டியலை அவரும் நானும் போனிலேயே எழுதி, வீட்டுக்கு ஒன்று என்று முடித்துவிட்டோம். தொடக் கூடாத பணத்தில் டிக்கெட்டுக்கு மட்டும் கை வைக்கலாம்.

ஒரு கடன் முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. புரோநோட்டை வாங்கிக் கிழித்துப் போடுங்கள், செக்கைத் திரும்ப வாங்குங்கள். வங்கி, பைனான்ஸ் என்றால் கடன் முடிந்ததற்கான என்ஓசி கேளுங்கள். “குறைத்துக் கட்டி செட்டில் பண்ணிக்கலாம்” என்று போனில் சொன்னால் யோசியுங்கள், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டில் அது முழுசாக அடைத்ததாகப் பதியாது. ரிப்போர்ட்டை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம், அவருக்கும் உங்களுக்கும் தனித்தனியாக. முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் சிபில் தளத்திலேயே புகார் போடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தப் புகார் நம்பரையும் நோட்டில் எழுதி வையுங்கள்.