சாவியைக் காட்டாதீர்கள்: பலரும் செய்யும் தவறுகள்

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் வேலை, அதை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துப் போடுவது. முகவரியை மறைப்பார்கள், கதவு எண்ணை மறைப்பார்கள். சாவியின் பற்கள் மட்டும் பளிச்சென்று தெரியும். முதலில் மறைக்க வேண்டியதே அதைத்தான்.

ஏன் என்று புரிய, பூட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுக் கதவுகளில் பரவலாக இருக்கும் பின் டம்ளர் பூட்டு, லைனஸ் யேல் ஜூனியர் 1860களில் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வாரிசு. அதற்குள் வரிசையாக ஐந்தோ ஆறோ பின்கள், அதாவது சிறு உலோகக் குச்சிகள். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு, மேலே ஒரு ஸ்பிரிங். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு பின்னை உரிய உயரத்தில் நிறுத்துகிறது. எல்லாப் பின்களின் பிளவும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் பூட்டின் உள் உருளை சுழலும். அந்த வெட்டுகள் இஷ்டத்துக்கு இருப்பதில்லை. தயாரிப்பாளர் ஆறோ பத்தோ ஆழங்களை நிர்ணயித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருப்பார். ஆக, உங்கள் சாவி நடைமுறையில் 3-5-2-4-1 போன்ற ஓர் எண்தான். அதைப் படம் பிடித்துப் போடுவதும் ஏடிஎம் ரகசிய எண்ணை நெற்றியில் எழுதிக்கொண்டு நடப்பதும் ஒன்று.

‘படம் மங்கல்தானே, சாய்வாகத்தானே எடுத்தேன்’ என்று நினைப்பது அடுத்த தவறு. ஓர் ஆழத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். படத்தில் அளந்தது சற்றுப் பிசகினாலும் பக்கத்திலுள்ள நிர்ணய அளவுக்குத் திருத்திக்கொண்டால் போதும், சரியான எண் கிடைத்துவிடும். சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் இதைச் செய்தே காட்டினார்கள். மேசைமேல் கிடந்த சாவிக்கொத்தை 195 அடி தூரத்திலிருந்து, கட்டட மாடியில் தொலைநோக்கி வைத்துப் படம் பிடித்தார்கள். கோணத்தைச் சரிசெய்து வெட்டுகளைப் படிக்க ஒரு மென்பொருள். அவ்வளவுதான், சாவி எண் கையில்.

அரைகுறையாக மறைப்பதும் உதவாது. விரல் இரண்டு பற்களை மறைக்கிறது என்று வையுங்கள். ஆறு ஆழ முறையில் மிச்சமிருப்பது 6 x 6, அதாவது அதிகபட்சம் 36 வாய்ப்புகள். பொறுமை இருப்பவருக்கு அது ஒரு மதிய வேலை. சிலரோ தலைப்பகுதியில் உள்ள பிராண்ட் பெயரை மட்டும் மறைத்துவிட்டுப் பற்களை விட்டுவிடுவார்கள். சிலர் பற்களை மறைத்துவிட்டு, தலையில் பொறித்த எண்ணைக் கவனிப்பதில்லை. அலமாரி, மேசை, தபால்பெட்டிச் சாவிகளில் இருக்கும் அந்த எண்ணை வைத்தே பல சமயம் புதுச் சாவி வெட்டிவிடலாம்.

தனி மனிதர்கள்தான் இப்படி என்றில்லை. அமெரிக்காவின் டீபோல்ட் நிறுவனம் தன் வாக்குப்பதிவு இயந்திரத்தின் சாவியைத் தன் இணையக் கடையிலேயே படமாகப் போட்டிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் அரத்தால் ராவிச் செய்த சாவி இயந்திரத்தைத் திறந்தது. 2007 தொடக்கத்தில் இது வெளிவந்தது. அமெரிக்க விமான நிலையங்களில் பயணப் பெட்டிகளைச் சோதிக்கப் பயன்படும் மாஸ்டர் சாவிகளின் (ஒன்றே பல பூட்டுகளைத் திறக்கும் சாவிகளின்) படம் 2014இல் வாஷிங்டன் போஸ்ட் கட்டுரையில் வந்தது. அடுத்த ஆண்டே அவற்றின் முப்பரிமாண அச்சுக் கோப்புகள் இணையத்தில் சுற்றின. அவற்றால் திறக்கும் பூட்டுகளோ லட்சக்கணக்கான பெட்டிகளில் தொங்குகின்றன. மாஸ்டர் சாவி விஷயத்தில் ஒரு படம் ஒரு கதவோடு நிற்பதில்லை. வேலையிடத்துச் சாவியை இடுப்பில் பற்கள் தெரியத் தொங்கவிடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, சாதாரணத் திருடன் இவ்வளவு மெனக்கெடுவானா? மாட்டான். ஜன்னலை உடைத்துக்கொண்டு வருவான். படத்தைப் பார்த்துச் சாவி செய்யக்கூடியவர், உங்கள் வீடு எது, நீங்கள் எப்போது வெளியே போவீர்கள் என்று ஏற்கெனவே அறிந்தவர். உடைத்த தடயமும் இருக்காது. ‘கதவு பூட்டித்தான் இருந்தது’ என்று நீங்கள் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆகவே சாவியை ஜன்னலுக்கு நேரே ஆணியில் மாட்டாதீர்கள். வீடியோ அழைப்பில் பின்னால் என்ன தொங்குகிறது என்று ஒருமுறை பாருங்கள். மேசையில் வைக்கும்போது உறையில் போடுங்கள். காரை வேறொருவர் கையில் கொடுக்கும்போது, கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுங்கள். வீட்டுச் சாவி அதோடு ஊர் சுற்ற வேண்டாம். குழிக்குழியாக இருக்கும் டிம்பிள் சாவி வைத்திருக்கிறேனே என்றால், அதைப் படிப்பது சற்றுக் கடினம், முடியாதது இல்லை. காந்தமோ அசையும் துண்டோ உள்ள சாவிகளைப் படத்தை மட்டும் வைத்து நகலெடுப்பது இன்னும் சிரமம்.

படம் ஏற்கெனவே போய்விட்டதா? அழிப்பது நல்லதுதான், ஆனால் யார் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. பூட்டு வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு உள்ளே இருக்கும் பின்களை மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. பின்கள் மாறினால் பழைய சாவி செல்லாது, அதன் படமும் செல்லாது.