சதவீதம் சரி, எதில் சதவீதம்?

10% உப்புக் கரைசல் 200 கிராம் இருக்கிறது, அதில் உப்பு எவ்வளவு என்று கேட்டால் 20 கிராம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அதையே திருப்பி, 200 கிராம் தண்ணீரில் எவ்வளவு உப்பு போட்டால் 10% கரைசல் கிடைக்கும் என்று கேளுங்கள். அப்போதும் 20 என்றுதான் பதில் வரும். அதுதான் தவறு. 20 கிராம் போட்டால் மொத்தம் 220 கிராம், உப்பு 9.1% மட்டுமே. சதவீதம் கரைசல் முழுவதற்கும் உரியது, தண்ணீருக்கு மட்டும் அல்ல. 10% கரைசலில் தண்ணீர் 90 பங்கு. ஆகவே உப்பு 200 × 10 ÷ 90, சுமார் 22.2 கிராம்.

அடுத்தது, மில்லிலிட்டரையும் கிராமையும் ஒன்றாக நினைப்பது. தண்ணீரோடு பழகிய கை செய்யும் வேலை இது. அடர் கந்தக அமிலம் நிறைப்படி 98%, அடர்த்தி மி.லி.க்கு சுமார் 1.84 கிராம். 100 மி.லி. எடுத்தால் அதன் நிறை 184 கிராம், அதில் அமிலம் 180 கிராம். 98 என்று எழுதியவர் கிட்டத்தட்ட பாதியைத் தொலைத்துவிட்டார்.

சரி, அதற்காக எங்கு பார்த்தாலும் அடர்த்தியால் பெருக்கவும் கூடாது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் 0.9% சலைன் வேறு கணக்கு: 100 மி.லி. கரைசலில் 0.9 கிராம் உப்பு. 500 மி.லி. பாட்டிலில் 4.5 கிராம், அவ்வளவுதான். நிறைக்கு நிறையா, கனஅளவுக்கு நிறையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு கரைசல்களைக் கலக்கும்போது சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுப்பவர்களும் உண்டு. 10% கரைசல் 100 கிராம், 20% கரைசல் 300 கிராம் என்றால் உப்பு 10 + 60 = 70 கிராம். செறிவு 17.5%, 15% அல்ல.

அப்புறம், ஆய்வகத்தில் பலரை ஏமாற்றுவது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் படிகம். அந்த நீலப் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. நீரற்ற காப்பர் சல்பேட் கணக்கில் 5% கரைசல் 100 கிராம் வேண்டுமானால், படிகம் 5 கிராம் போதாது. மூலக்கூறு நிறை படிகத்துக்கு 249.7, நீரற்றதற்கு 159.6 என்பதால் 5 × 249.7 ÷ 159.6, சுமார் 7.8 கிராம் எடுத்து 92.2 கிராம் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஆனால் தோட்டத்தில் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் 1% போர்டோ கலவைக்கு 100 லிட்டருக்கு 1 கிலோ மயில்துத்தம் என்பது படிகத்தையே நிறுத்துப் போடும் அளவு. அங்கே போய் இந்தத் திருத்தத்தைச் செய்யாதீர்கள்.