பப்மெட்டில் தேடுவது எப்படி: ஒரு உண்ணிக் காய்ச்சல் கேள்வியை வைத்து

தீவிரமான உண்ணிக் காய்ச்சலோடு, அதாவது ஸ்க்ரப் டைஃபஸோடு, ஒருவர் வார்டில் இருக்கிறார். டாக்ஸிசைக்ளின் மட்டும் போதுமா, அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்கலாமா? இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தேடும் சொற்களை அங்கே ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில் கேள்வியைப் பிகோ (PICO) முறையில் பிரியுங்கள்: யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன். ஆனால் நான்கையும் தேடல் பெட்டியில் கொட்ட வேண்டாம். நோயும் மருந்தும் போதும். பலனையும் சேர்த்தால், கட்டுரைச் சுருக்கத்தில் அந்தச் சொல் இல்லாத நல்ல ஆய்வு நழுவிவிடும்.

அடுத்தது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். ‘ஸ்க்ரப் டைஃபஸ் ஆண்ட் டாக்ஸிசைக்ளின் ஆர் அசித்ரோமைசின்’ என்று அடித்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் வந்து விழும், அதில் பெரும்பாலானவற்றுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இருக்காது. பப்மெட் இடமிருந்து வலமாகத்தான் படிக்கும். முதல் இரண்டையும் இணைத்து முடித்துவிட்டு, பிறகு அசித்ரோமைசின் வரும் கட்டுரை அத்தனையையும் அள்ளிப் போட்டுவிடுகிறது. இரண்டு மருந்துகளையும் ஒரே அடைப்புக்குறிக்குள் வையுங்கள், சரியாகிவிடும். மருந்துகளை முன்னாலும் நோயைப் பின்னாலும் அடித்தால் அடைப்புக்குறி இல்லாமலே சரியாக வரும், ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். ஆண்ட், ஆர் இரண்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய் ஹிஸ்டரியில் டீட்டெயில்ஸைத் திறங்கள். நீங்கள் அடித்ததை பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்பது அங்கே அப்படியே தெரியும். ‘ஹார்ட் அட்டாக்’ என்று சும்மா அடித்தால் மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்ற மெஷ் தலைப்பையும், அதாவது கட்டுரைகளைப் பொருள்வாரியாகக் குறிக்கும் நிலையான சொல்லையும், அதுவே சேர்த்துக்கொள்ளும். மேற்கோள்குறி போட்டீர்களோ, அந்த உதவி போச்சு. அதனால் மேற்கோள்குறியைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அதே தேடலை பப்மெட்டின் கிளினிக்கல் குவெரீஸ் பக்கத்தில் போட்டு, தெரபி (சிகிச்சை), நேரோ (குறுகிய தேடல்) இரண்டையும் தேர்ந்தெடுங்கள். கூகுள் ஸ்காலர் எனக்குப் பாதித் தலைப்பு மட்டும் நினைவிருக்கும்போதுதான் உதவும், இந்த வேலைக்கு ஆகாது.

இப்போது 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த இந்திய ஆய்வு கண்ணில் படும்: சுமார் 800 நோயாளிகள், மூன்று பிரிவுகள், மருந்து நரம்பு வழியாக. இரண்டும் சேர்த்துக் கொடுத்த பிரிவே மேல் என்கிறது. அவசரப்படாதீர்கள், பிகோவின் கடைசி எழுத்துக்கு, அதாவது பலனுக்கு, இங்கேதான் வேலை. அந்த ‘மேல்’ என்பது 28 நாளில் மரணம், ஏழாம் நாளிலும் தீராத சிக்கல்கள், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்து அளந்தது. மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் பிரிவுகளுக்குள் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உங்கள் கேள்வி எதைப் பற்றியது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

பின்சேர்க்கை: புதுக் கட்டுரைகள் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஹியூமன்ஸ் ஃபில்டரை எடுத்துவிட்டுப் பாருங்கள். அது மெஷ் குறியீட்டை நம்பி இயங்குவது, குறியீடு இன்னும் ஏறாத கட்டுரையை மறைத்துவிடும். ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட் ஃபில்டரும் வேண்டாம். முதலில் எது முக்கியமான கட்டுரை என்று கண்டுபிடியுங்கள், பிடிஎஃப் கிடைக்குமா என்பதைக் கல்லூரி நூலகரிடம் கேட்டுக்கொள்ளலாம்.